குடைக்காரி கூட சொல்லிட்டுத்தான் அடிச்சா

என் உயிர் மச்சான் லோகா,

நல்லா இருக்கியான்னு கேட்க மாட்டேன். கேட்டா நீ சிரிப்பே, எனக்கு இன்னும் கோபம் வரும். நாப்பத்தொரு நாளா வயிறு எரியுது. யார் மேல எவ்வளவு எரியுதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல. உன் மேலயும் எரியுது, அதையும் சொல்லிடறேன்.

இத உனக்கு மட்டும் எழுதல, எல்லாரும் பார்க்கட்டும்னு வெளியில போடுறேன். உன் படத்துக்கு மாலை போட்டு ஃபேஸ்புக்ல போட்டப்ப, கீழ வந்து சில பேரு எழுதினாங்களே, "பாவம்தான், ஆனா கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்லா" ன்னு. அவங்களும் படிக்கட்டும். உன்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: லோகன் என் அத்தை மகன். மாமா எப்பவோ போயிட்டாரு, அத்தைக்கு இவன் ஒரே பிள்ளை, கல்யாணமும் ஆகல. முப்பத்தெட்டு வயசு. செனாய்ல ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில நாங்க ரெண்டு பேரும் ஒரே லைன்ல டெக்னீசியன். ஒரு காலை சிஃப்டுல, பாதுகாப்பு வேலிக்கு உள்ள, ரோபோ கை அடிச்சு அவன் செத்துப்போனான்.

கம்பெனி அறிக்கை வந்திருச்சு மச்சான். மலாய்ல மூணு பக்கம். தமிழ்ல சொன்னா, நீ யார் அனுமதியும் இல்லாம, தன்னிச்சையா வேலிக்குள்ள நுழைஞ்சியாம். தன்னிச்சையா. கக்கூஸ் போகக்கூட கை தூக்கி நிக்கிற எடத்துல நீ தன்னிச்சையா எதைச் செஞ்சே?

வர்ற திங்கக்கிழமை காலையில வேலைப் பாதுகாப்பு இலாகா அதிகாரி மறுபடி வர்றாரு. என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு. முதல் தடவை கேட்டப்ப, "நான் திரும்பி நின்னேன், பார்க்கல" ன்னு கையெழுத்துப் போட்டேன். அது பொய். திங்கக்கிழமையும் அதே பொய்யைச் சொன்னா அந்த அறிக்கைதான் நிலைக்கும், காலத்துக்கும் நீ கவனமில்லாம செத்தவன்தான். வேற சாட்சி கிடையாது.

லாபிஸ்ல உங்க வீட்டு ஹாலு ஞாபகம் இருக்கா? பின்னால ரயில் போனா டிவி ஆடும். பசார் மாலாம் ராச்சந்தையில வாங்கின டூப்ளிகேட் கேம் பெட்டி, கேசட்டை ஊதி ஊதிச் சொருகுவோம். அந்த ரோபோ கேம் அஞ்சு பாகமும் நம்மகிட்ட இருந்துச்சு. எந்தப் பாகமா இருந்தாலும் கடைசிக் கதவு திறந்தா உள்ள பெருசா ஒரு ரோபோ வழிய மறிச்சுக்கிட்டு நிக்கும். கடை முதலாளி கல்லாவுக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்குன்னு நீ அதுங்களுக்கெல்லாம் 'தவுக்கே'ன்னு பேரு வச்சே.

முதல் பாகத்து தவுக்கேங்க மக்குப் பசங்க. லோரிக்காரன்னு ஒருத்தன், நேரா முட்ட வருவான். முட்டறதுக்கு முன்னாடி கண்ணு சிவக்கும், மூணு எண்ணினா கிளம்பிருவான். நம்ம பெட்டியில ஒரே ஒரு கண்ட்ரோலர்தான் வேலை செஞ்சுச்சு. அதனால நீ ஆடுவே, நான் எண்ணுவேன். நான் "போ" ன்னா நீ பாய்வே. எண்ணிக்கை தப்பினா நீ சாவே, நான் உதை வாங்குவேன். நம்ம ரெண்டு பேருக்கும் அதான் ஒப்பந்தம்.

நாலாம் பாகத்துல ஆட்டமே வேற. கெட்ட விஞ்ஞானி பழைய தவுக்கேங்களோட மூளையையெல்லாம் சேர்த்துப் புதுசா ஒரு கூட்டத்தைச் செஞ்சிருந்தான். ஒரு தடவை அடிச்ச ஆயுதத்தால ரெண்டாவது தடவை அடிச்சா தடுத்துருவாங்க. நீ எங்க குதிப்பேன்னு பார்த்து அங்க வந்து நிப்பாங்க. அதுல கடைசி ஆளு குடைக்காரி. கூரையில தலைகீழா தொங்குவா. உடம்பை விரிச்சா எட்டுக் கத்தி, சுழட்டிட்டு மடக்குவா. மடக்கினா அடுத்து விரிக்கிற வரைக்கும் அஞ்சு எண்ணலாம். அந்த அஞ்சுக்குள்ள உள்ள போய் ரெண்டு அடி போட்டுட்டு வெளிய வந்துரணும். பாதி உயிர் போயிருச்சுன்னா அந்த அஞ்சு நாலாயிரும்.

ஒரு பள்ளி விடுமுறை முழுக்க அவகிட்ட செத்தோம். ஒரு நாள் நான் பழைய கணக்குலயே அஞ்சு எண்ணினேன். நீ செத்துட்டு கண்ட்ரோலரை என் மேல எறிஞ்சே. "எண்ணிக்கைய நம்பாத தினேஸ், அவளைப் பாரு. மாறப்போறத அவளே சொல்றா" ன்னே. நிஜமாவே சொன்னா. திரை ஒரு தடவை குலுங்கும். பாட்டு மாறும். வெள்ளையா இருந்த உடம்பு செம்பு நிறமாகும். அன்னைக்கு நீ உதட்டைத் துடைச்சுக்கிட்டு பெரிய மனுசன் மாதிரி சொன்னே: "கேம் செஞ்சவன் நியாயக்காரன்டா. எவ்வளவு பெரிய தவுக்கேயா இருந்தாலும் சொல்லாம மாற மாட்டான்."

அந்த நியாயம் செனாய்ல கிடையாதுன்னு நமக்கு ஏன்டா உறைக்கல?

நம்ம லைன் ரோபோ கைக்கும் நீதான் குடைக்காரின்னு பேரு வச்சே. கேக்குறவங்களுக்கு வேடிக்கையா இருந்துச்சு. அச்சு திறக்கும், அவ கையை உள்ள விட்டுச் சூடான பிளாஸ்டிக் துண்டை எடுப்பா, சுழண்டு வந்து பெல்ட்டுல வைப்பா. சில சமயம் துண்டு அச்சு ஓரத்துல ஒட்டிக்கும். அவ வெறுங்கையோட சுத்திக்கிட்டே இருப்பா. விதிப்படி மெஷினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். நிறுத்தினா மறுபடி சூடேறிக் கிளம்ப இருபது நிமிசம் ஆகும். அன்னைக்கு டார்கெட் அவ்வளவுதான், சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கக் கத்துவாரு.

அதுக்குத்தான் அந்தக் காந்தம். வேலிக் கதவு சென்சார்ல ஒட்டி வச்சிருந்தா, கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருக்குன்னு மெஷின் நம்பிக்கும். அத ஒட்டினது நீயும் இல்ல, நானும் இல்ல. சூப்பர்வைசர் தன் கையாலயே ஒட்டினாரு. நாம ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பார்த்தோம். அதுக்கப்புறம் அவர் கண்ணு முன்னாலயே எத்தனை தடவை உள்ள போயிட்டு வந்தோம். "சீக்கிரம் சீக்கிரம்" ன்னு கைதட்டுவாரு.

உள்ள போற முறை மட்டும் நம்மளது. அதை யார் மேலயும் போட முடியாது. அவ அச்சை விட்டு விலகினதும் ஒருத்தன் வெளிய நின்னு "போ" ன்னுட்டு எண்ணணும், ஒருத்தன் உள்ள போயி அஞ்சுக்குள்ள துண்டைப் பிடுங்கிட்டு வரணும். லாபிஸ் ஹாலுல பழகினத செனாய்க்குக் கொண்டு வந்தோம். லைன்ல மத்த பசங்களும் நம்மளப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. நாம பெருமையா வேற திரிஞ்சோம். பல வருசமா ஒண்ணும் ஆகல, அதுதான் நம்மளக் கெடுத்துச்சு.

அன்னைக்குக் காலையில நாம உள்ள வர்றதுக்கு முன்னாடி, ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் லேப்டாப்போட வந்து அவ புரோகிராமை மாத்திட்டுப் போயிருக்காரு. வேகத்தைக் கூட்டியிருக்காங்க. மாத்தின நேரம் மெஷின் திரையில பதிவாயிருக்கு, பின்னால நானே பார்த்தேன். பலகையில எழுதல. காலைக் கூட்டத்துல சொல்லல. வாட்சாப் குரூப்பைத் திறந்தா, யாரோ டுரியான் தின்ன படம்தான் கிடந்துச்சு.

சிஃப்டு தொடங்கிப் பத்து நிமிசத்துல துண்டு சிக்குச்சு. நீ கதவைத் திறந்துட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினே. நான் எண்ணினேன் மச்சான். நான் திரும்பி நிக்கல. உன்னைப் பார்த்துக்கிட்டேதான் எண்ணினேன். "போ" ன்னு சொன்னதும் நான்தான்.

நாலைச் சொல்லி முடிக்கல. திரை குலுங்கல, பாட்டு மாறல. அவ எப்பவும் போல அதே மஞ்சள் பெயின்டோட வந்து உன்னை அடிச்சா.

அரை மணி நேரத்துல சூப்பர்வைசர் என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. என் சட்டை பூரா உன் ரத்தம். தண்ணி பாட்டிலைத் திறந்து கையில கொடுத்துட்டு, மெதுவா, தம்பிக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. "தினேஸ், நீ எண்ணினேன்னு வாயைத் திறந்தா உன்னையும் சேர்த்து உள்ள போட்டுருவாங்க. செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போறான்? நீ திரும்பி நின்னே, ஒண்ணும் பார்க்கல. அவ்வளவுதான்." நான் திரும்ப லைனுக்கு வந்தப்ப காந்தம் அங்க இல்ல. சாயங்காலம் இலாகா அதிகாரி வாக்குமூலப் பேப்பரை நீட்டினாரு, கையெழுத்துப் போட்டேன். குழப்பத்துல போட்டேன்னு சாக்கு சொல்ல மாட்டேன். பயத்துல போட்டேன். கோழைப்பய நான்.

இப்ப உன் மேல இருக்கிற கோபத்தைச் சொல்றேன், கேளு. எண்ணிக்கைய நம்பாதேன்னு எனக்குச் சொன்னவன் நீ. குடைக்காரி எப்ப மாறுவான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றவன் நீ. அன்னைக்கு அவ ரெண்டு சுத்து சுத்தினதை நின்னு பார்த்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ அவளைப் பார்க்கல, என் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தே. ஏன்டா என்னை அவ்வளவு நம்பினே? திட்டுனாலும் திருப்பித் திட்ட ஆளில்லாம இந்தக் கேள்விய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

இங்க நடக்குறதைச் சொல்றேன். மெஷின் ஒம்பதாவது நாளே ஓட ஆரம்பிச்சிருச்சு. வேலிக்குப் புது பெயின்ட், கதவுக்குப் புதுப் பூட்டு, காந்தத்துக்கு ஏமாறாத சென்சார். கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போன வாரம் எல்லாரையும் கேன்டீன்ல உட்கார வச்சு, தின்னக் கறிபாப் கொடுத்து, பாதுகாப்புப் பாடம் எடுத்தாங்க. பெரிய திரையில உன் படம். ஊழியர் அட்டையில இருக்கிற அந்தப் பேந்த முழியோட படம். கீழ, "விதியை மீறாதீர்". சூப்பர்வைசர்தான் பாடம் எடுத்தாரு. உன் படத்தைக் குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டினாரு மச்சான். நான் கறிபாப்பைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி.

அந்தக் குச்சிதான் என்னைக் கிளப்புச்சு. நேத்து மோட்டாரை எடுத்துக்கிட்டு நேரா லாபிஸுக்குப் போனேன். இலாகாகாரன் காதுக்கு முன்னாடி உன் அம்மா காதுக்குப் போகணும்னு தோணுச்சு. அத்தை சமையல் கட்டுல உட்கார்ந்து காங்கோங் கீரை கிள்ளிக்கிட்டு இருந்தாங்க. நான் நின்னுக்கிட்டே சொன்னேன்.

"அத்தை, அவன் தானா உள்ள போகல. நான்தான் எண்ணினேன். நான் போன்னு சொன்னேன், அவன் போனான்."

அத்தை கை நிக்கல. ஒரு கட்டுக் கீரை முடிஞ்சுச்சு. அடுத்த கட்டைப் பிரிச்சாங்க.

"எத்தனை வரைக்கும் எண்ணுனே?"

"நாலு சொல்லிக்கிட்டு இருந்தேன் அத்தை. மெஷினை மாத்தினது எங்களுக்குத் தெரியாது."

"கேம் விளையாண்டப்பவும் நீதானே எண்ணுவே," ன்னாங்க. அவ்வளவுதான். அடுப்புல தண்ணி கொதிச்சு வழிஞ்சுச்சு, நான் போய் அணைச்சேன். திரும்பி வந்தப்ப அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"நீ எண்ணினதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன் தினேஸ். நீ இல்லாட்டி வேற ஒருத்தன் எண்ணியிருப்பான், என் மகன் போயிருப்பான். ஆனா நாப்பது நாளா இந்த வீட்டுக்கு வந்து என் கையால சோறு தின்னே. கருமாதிக்கு வந்தவங்க என் பிள்ளைய கவனமில்லாதவன்னு பேசினப்ப என் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தே. அதை எப்படிடா தாங்குன?"

அத்தை சாப்பிட்டுப் போன்னு சொல்லல. முதல் தடவையா அந்த வீட்டுலேர்ந்து பசியோட கிளம்பினேன். நான் ஹெல்மட் போடுறப்ப வாசல் வரைக்கும் வந்து, "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" ன்னு கேட்டாங்க. பத்து மணின்னேன். "வந்து கூட்டிட்டுப் போ. நீ சொல்றதை நான் காதால கேட்கணும்," ன்னாங்க.

திங்கக்கிழமை விடியக்காலையிலயே லாபிஸுக்குப் போயிருவேன் மச்சான். அத்தையைக் கூட்டிட்டு வந்து அந்த ரூம்ல என் பக்கத்துல உட்கார வைப்பேன். கூடாதுன்னா கதவைத் திறந்து வச்சுக்கிட்டுப் பேசுவேன். காந்தத்தைச் சொல்லுவேன், அதை ஒட்டின கை யாருதுன்னு சொல்லுவேன், சொல்லாம மாத்தின புரோகிராமைச் சொல்லுவேன், ஸ்டோர் ரூம்ல கொடுத்த தண்ணி பாட்டிலைக்கூட விட மாட்டேன். ஆனா அதெல்லாம் பிறகு. முதல் வாக்கியம் என்னைப் பத்தினது. வேலை போனாலும் சரி, சூப்பர்வைசர் சொன்ன மாதிரி உள்ள போட்டாலும் சரி. அதுக்கப்புறம் அத்தை எனக்குச் சோறு போடுவாங்களான்னு தெரியல. போடாட்டியும் வாசல்ல போய் நிப்பேன், இனிமே அவங்களுக்கு இருக்கிறது நான் ஒருத்தன்தான்.

கோபம் தீராத உன் மாமன் மகன்,
தினேஸ்