அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த எண்ணெய்

என்னங்க,

மூடி வைத்திருக்கும் முட்டைப் பொரியலைத் தொடாதீர்கள். அதைச் சாப்பிட்ட பாப்பா வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது சமையல் எண்ணெய் என்றே நினைத்து அதில்தான் முட்டையைப் பொரித்தேன். இப்போது பார்த்தால் அடியில் அரைத்த குன்றிமணி! முடி கொட்டாமலிருக்க நீங்கள் காய்ச்சியதுதானே? “தலைக்கு மட்டும்தான், வாயில பட்டா விஷம்”னு நீங்கதானே சொன்னீங்க? வழுக்கைக்கு உரமா என்று நான் சிரித்ததால் ஒளித்து வைத்தீர்களா? சத்தியமாக இனிமேல் சிரிக்க மாட்டேன். எத்தனை விதை போட்டீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் போன் இங்கேயே சார்ஜில் கிடக்கிறது.

ஐயோ, காலையில் உங்கள் டிபன் பாக்ஸில் வைத்ததும் இதே பொரியல்தான். மிச்சம் வைக்கிறீர்கள் என்று தினமும் திட்டுவேனே, இன்றைக்குத் தொடாமலே திருப்பிக் கொண்டு வந்திருங்க.