வெதுவெதுப்பான வாளி

மார்ச் 6

இல்லை, சுடவில்லை. வெதுவெதுப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். தூக்கும்போது கையில் தெரிந்தது. நினைவிருக்கிறது.

அத்தானின் படகுப் பட்டறையில் ஒரு வழக்கம். ஃபைபர் ஒட்டி முடித்து மிஞ்சும் ரெசின் பசையைத் திரும்ப டின்னில் ஊற்ற முடியாது, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்தாகிவிட்டது. வாளியோடு வெளியே மணலில் வைத்துவிடுவார்கள். தானாகவே சூடேறி, புகைந்து, கல்லாகி ஆறும். நாய்கூட அந்தப் பக்கம் போகாது. ஒரு வருடமாக இங்கே ஆபீஸ் வேலை பார்க்கிறேன். எனக்கும் தெரியும்.

இன்று இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் முன் இடத்தைப் பார்க்க கம்பெனிக்காரர் வருவதாக இருந்தது. வாசலருகே அந்த வாளி அசிங்கமாகத் தெரிந்தது. உள்ளே கொண்டுபோய் வேலைமேசைக்கு அடியில் தள்ளினேன். பசை போக அசிட்டோன் தொட்டுத் துடைத்த துணிகளை அள்ளி மேலே போட்டு மறைத்தேன். அவர் வந்தார், சுற்றினார். "பரவாயில்லையே, இவ்வளவு சுத்தமான பட்டறைய நான் பாத்ததில்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது பற்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. பெரிய படகை வார்க்கும் அச்சு எரிந்துபோய்விட்டது. அது இல்லாமல் படகு இல்லை.

"வாளிய எவன்டா உள்ள வச்சது?" என்றார் அத்தான்.

எல்லோரும் ஃபைபர் ஒட்டும் அரைமணி அண்ணனைப் பார்த்தார்கள். கடைசியாகக் கலவை போட்டவர் அவர்.

நானும் பார்த்தேன்.

மார்ச் 7

இரண்டு முறை குளித்தும் முடியில் அந்த வாடை.

மார்ச் 9

எதைக் கேட்டாலும் "அரைமணில ஆயிடும்" என்பார், அதனால் அரைமணி. சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பமாட்டார். இன்று எல்லோர் முன்னாலும் அத்தான் அவரைத் திட்டித் தீர்த்தார். அவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். மறுக்க வேண்டும் என்று நினைத்தேனா, மறுக்கக் கூடாது என்றா?

"வச்ச ஞாபகம் இல்லண்ணே. ஆனா நான்தான் வச்சிருக்கணும், வேற யாரு? பசில கை தன்னால உள்ள கொண்டுபோயிருக்கும்."

"கை கொண்டுபோச்சாம். புத்தி எங்கடா போச்சு?"

"அது என்னைக்குண்ணே கூட இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் விஷயம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

போகும்போது அரைமணி அண்ணன் என் பக்கம் வந்தார். "உன் ஆபீஸ் ரூம் பூரா கரியாயிடுச்சே தங்கச்சி. மன்னிச்சுக்கம்மா."

என்னிடம். மன்னிப்பு.

மார்ச் 10

சொன்னால் பணம் வராது. முதலாளி வீட்டு ஆளே செய்தது என்றால் கம்பெனி கைவிரித்துவிடும். அத்தான் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார், அக்காவும்தான். ஆகவே நான் பேசாமல் இருப்பது குடும்பத்துக்காக.

எவ்வளவு நல்ல காரணம். எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது.

அக்கா பரிமாறிக்கொண்டே, "ஏண்டி முகம் இப்படி இருக்கு? நீயா கொளுத்துன?" என்றாள், விளையாட்டாக. தண்ணீர் கேட்டேன்.

மார்ச் 12

நஷ்டத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பிய சர்வேயர் அம்மா வந்தார். ஷூ நுனியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஏதோ பொது அறிவுக்குக் கேட்பதுபோல் கேட்டேன். "யாரால பத்திக்கிச்சுங்கறது முக்கியமா மேடம்?"

"யாரா இருந்தா என்னம்மா? கவனக்குறைவுக்குத்தானே பாலிசியே எடுக்கறீங்க. வேணும்னே செஞ்சாதான் காசு கிடையாது. அப்புறம், எங்ககிட்ட பொய் சொன்னாலும்."

என் காரணம் அங்கேயே செத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

ஆக, குடும்பம் இல்லை. படித்தவள், பொறுப்பானவள் என்று எனக்கு இங்கே ஒரு முகம் இருக்கிறது. அதைக் காப்பாற்ற ஒருவருடைய வேலையைப் பலி கொடுத்திருக்கிறேன்.

நாளை அரைமணி அண்ணனின் வாக்குமூலம்.

மார்ச் 13

தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"எனக்கு இந்த மாதிரி ஆளுங்ககிட்ட பேச வராது தங்கச்சி. எப்படிச் சொன்னா முதலாளி அண்ணனுக்குச் சிக்கல் வராதுன்னு சொல்லிக்குடேன்."

சொல்லிக்கொடுத்தேன்.

ஆமாம். இதையும் எழுதத்தான் வேண்டும் — சொல்லிக்கொடுத்தேன். "பசி அவசரத்துல மேசைக்கு அடியில வச்சிட்டேன், வேணும்னு செய்யல." அவர் கரிபிடித்த சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நடுவில் ஒரு சொல் தவறியது. திருத்தினேன். திருத்தவும் செய்தேன்.

சர்வேயர் அம்மாவிடம் பிசகாமல் ஒப்பித்தார்.

"சரி. வாளிய எதப் போட்டு மூடினீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த வரியை மறந்துவிட்டவரைப் போல. அந்த வரியை நான் கொடுத்திருக்கவில்லை.

"மூடினேனா?" என்றார்.

"துடைக்கிற துணியப் போட்டு" என்றேன். "நான்தான் மூடினேன். வாளியையும் நான்தான் உள்ள வச்சேன்."

அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. மேசையின் எரிந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்வேயர் அம்மா எழுதியதை அடித்துவிட்டு, "முதல்ல இருந்து சொல்லும்மா" என்றார்.

அரைமணி அண்ணன் மட்டும், "அப்ப நான் வைக்கலையா?" என்றார். தனக்குத்தானே இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.

மார்ச் 17

அக்கா தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மார்ச் 24

பணம் வரும் என்கிறார்கள், தாமதமாகும். எரிந்த அச்சில் எடுத்து முன்பு விற்ற படகு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்திருக்கிறார் அத்தான். அதன்மேல் ஃபைபர் ஒட்டிப் புது அச்சு எடுக்கிறார்கள். ஒட்டுவது அரைமணி அண்ணன். அத்தானே வீடுவரை போய்க் கூப்பிட்டாராம், அக்கா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலையில் கலவை மிஞ்சியது. யாரும் சொல்லாமலே எழுந்துபோய் வாளியைத் தூக்கினேன்.

"பாத்து, சூடேறுது. ஆற அரைமணி ஆகும், மேடம்" என்றார் அரைமணி அண்ணன்.

மேடம். கோபமாகச் சொல்லவில்லை. அந்த சர்வேயர் அம்மாவிடம் பேசிய அதே மரியாதை.

வாளியை வெளியே மணலில் வைத்தேன். ஆறும்வரை பக்கத்திலேயே நின்றேன்.