நான் விழுங்கிய ‘இல்லை’

3 நவம்பர் 2025, திங்கள்

மருமகள் ஷாலினி வேலை பார்க்கும் கிளினிக்கில் கொடுத்த டைரி. பத்து மாதமாக வெறுமையாகக் கிடந்தது. "நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுதுதேன்" என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கையெழுத்து கிடையாது, கட்டைவிரல்தான். வயசு எழுபத்தாறு. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது விழுந்ததுதான். 1971-ல் தாதர் ஸ்டேஷனில் என்னோடு இறங்கிய ஒன்பது பேரையும் சட்டை நிறத்தோடு சொல்வேன்.

காலையில் இட்லி. மூட்டு வலி இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

5 நவம்பர், புதன்

எங்கள் சபையில் 23-ஆம் தேதி அசனம் என்று அறிவித்துவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் அப்படியே தாராவிக்கும் வந்தது. வரிசையாக உட்கார்ந்து எல்லோருக்கும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்.

அன்றைக்கு எனக்கு இரண்டு வேலை. ஆராதனையில், வேதத்தின் கடைசிப் பகுதியைப் பாராமல் சொல்வது. கெட்டதெல்லாம் ஒழிந்து, புது நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிற இடம். பிறகு, பந்தி நிறைந்ததும் சபைக் கோயில் கேட்டை இழுத்துப் பூட்டுவது. நாற்பது வருஷத்துக்கு மேல் இரண்டுக்கும் நான்தான்.

அந்த நகரத்தில் கடல் இருக்காது என்று வரும். என் வீட்டுக்காரி ராஜகனி ஒவ்வொரு வருஷமும் கேட்பாள்: "அப்போ மீனுக்கு எங்க போறதாம்?"

6 நவம்பர், வியாழன்

அவன் திரும்பி வந்துவிட்டான்.

நம்பிராஜன். எங்கள் கல்லிச் சந்து முனையில், தன் பழைய வீட்டு வாசலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சுகர் முற்றி வலது காலை எடுத்துவிட்டார்கள். மகன் வீடு சான்பாடாவில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் இங்கே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்து, கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

"வே அருமை" என்று கூப்பிட்டான். நான் செவிடன் மாதிரி நடந்துவிட்டேன்.

7 நவம்பர், வெள்ளி

ஷாலினி கேட்டாள், அவர் யார் என்று. சொல்லிவிடுகிறேன், எழுது.

1986. வரிசை வீடுகள் சேர்ந்த எங்கள் சாலுக்கு ஒரே குழாய். சாவி நம்பிராஜனிடம். அவன்தான் அப்போது இங்கே எல்லாம். தையல்காரர் காசிமை அவன் அடித்தான். அடித்துவிட்டு, காசிம்தான் முதலில் கை ஓங்கினான் என்று போலீஸ் சௌக்கியில் வந்து சொல்லு என்றான் என்னிடம். நான் பார்த்ததைத்தான் சொல்வேன் என்றேன். மறுநாள் குழாயில் பூட்டு. எல்லோருக்கும் திறப்பான், எங்களுக்கு மட்டும் கிடையாது. மார்ச்சிலிருந்து ஜூன் மழை வரைக்கும் ராஜகனி ரயில் தண்டவாளம் தாண்டிப் போய்க் குடம் சுமந்தாள். ஒருநாள் விழுந்தாள். இடது மணிக்கட்டு இன்றைக்கும் கோணல்தான்.

முப்பத்தொன்பது வருஷம். ஒருநாள் கணக்குத் தீரும் என்று நம்பி வந்தவன் நான். நன்மை ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெயிக்கும்போது அவன் வெளியே நிற்பதை நான் பார்க்கணும். நான் கர்வமாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாயா? அப்படித்தான். அப்படியே எழுது.

10 நவம்பர், திங்கள்

ஒரு சமாச்சாரம் வெளியே வந்தது. முந்தாநாள் மீன் குழம்பு நம்பிராஜன் வீட்டுக்கும் போயிருக்கிறது. கொண்டுபோனது யார்? கை கோணலாகிப் போனவளே!

"ஏளா, உனக்குக் கிறுக்கா?"

"ஒத்தக்காலோட உக்காந்து பன்னைத் தின்னுட்டு இருக்காரு. என் கை, என் குழம்பு. ஒமக்கு என்ன?"

மூன்று மணிநேரம் பேசவில்லை. அப்புறம் டீ வேண்டியிருந்தது.

15 நவம்பர், சனி



ஒத்திகைக்காக நான் சொல்லச் சொல்ல, ஷாலினி வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விரல் ஓட்டினாள். திசையன்விளையில் படித்த பிள்ளை, தமிழ் நன்றாக வாசிப்பாள். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி வைத்துப் பார்த்ததில்லை. சபையில் இளசுகளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. பெருசுகள், அருமைநாயகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொள்வார்கள்.

நகரத்தின் வாசல்களைப் பற்றி வரும் இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"மாமா, 'அடைக்கப்படும்'னு சொன்னீங்க."

"ஆமா."

"இதுல 'அடைக்கப்படுவதில்லை'ன்னுல்லா இருக்கு."

அச்சுப் பிழை என்றேன். அவள் போனில் எடுத்துக் காட்டினாள். அதிலும் இல்லை. அதாவது, அதிலும் 'இல்லை' இருக்கிறது.

"நான் தப்பாச் சொல்லுதேனா? நானா?" கத்திவிட்டேன். பாவம், பிள்ளை பயந்துவிட்டாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ராஜகனி நிமிரவே இல்லை. "குழாயைப் பூட்டுன வருஷத்துல இருந்துதான் நீரு அப்படிச் சொல்லுதீரு. அதுக்கு முன்னால ஒழுங்காத்தான் சொல்லுவீரு" என்றாள்.

"அப்பவே ஏன்ளா சொல்லல?"

"சொன்னா கேட்டுருப்பீராக்கும்!"

16 நவம்பர், ஞாயிறு

கோயிலில் உட்கார்ந்து மனசைப் பின்னால் ஓட்டினேன். இந்தப் பகுதியை எனக்கு வாசித்துக் காட்டியவர் உபதேசியார் வேதமாணிக்கம். மழை நாள், ஓட்டை ஓடு, அவர் காலடியில் ஒரு தகர டப்பா, அதில் சொட்டுகிற தண்ணீர். அவர் குரல் காதில் அப்படியே இருக்கிறது. 'இல்லை'யை அழுத்தித்தான் சொல்கிறார். நான் கேட்டிருக்கிறேன். காது தப்பு செய்யவில்லை.

அப்போ நான்தான் அதைக் கடித்து விழுங்கியிருக்கிறேன்.

18 நவம்பர், செவ்வாய்

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வாசல் திறந்தே கிடந்தால், கெட்டவன் நுழைந்துவிட மாட்டானா? அப்புறம் என்ன ஜெயம் அது?

நான் வேலை பார்த்த தோல் பட்டறை மூடின பிறகு மாட்டுங்காவில் இருபத்திரண்டு வருஷம் வாட்ச்மேனாக இருந்தேன். கேட்டை எதற்குப் பூட்டுவோம்? வெளியே திருடன் இருக்கிறான் என்றுதான். பூட்டுத் தொங்குகிற இடத்தில் பயமும் தொங்குகிறது. திருடனே இல்லாமல் போய்விட்ட ஊரில் பூட்டுக்கு என்ன வேலை? கெட்டது தோற்றுவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

வாட்ச்மேனுக்கு வேலையே இல்லாத ஊர்!

அசுத்தமான எதுவும் உள்ளே போகாது என்றும் அந்தப் பகுதியிலேயே வருகிறது. அந்த அசுத்தத்தைச் செருப்பு மாதிரி வெளியே கழற்றிப் போட்டுவிட்டு ஆள் மட்டும் உள்ளே வரலாம் போல. என் செருப்பையும்தான் நான் கழற்றணும். அது முப்பத்தொன்பது வருஷத்துச் செருப்பு!

சிரிப்பு வந்தது. மூன்று நாளைக்கு அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

21 நவம்பர், வெள்ளி

நம்பிராஜன் வாசலில் போய் நின்றேன். என்ன சொல்லணும் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் மறந்துவிட்டது. எனக்கு!

"ஞாயித்துக்கிழமை அசனம். வாரும்" என்றேன். அவ்வளவுதான்.

"எதுல வரட்டும்? கால்லயா?" என்றான்.

"வண்டி இருக்குல்லா? நீரு வராம இருக்கணும்னா வேற காரணம் சொல்லும்."

தலையைக் குனிந்துகொண்டான்.

23 நவம்பர், ஞாயிறு

சொன்னேன். 'இல்லை'யோடு சொன்னேன். முப்பத்தொன்பது வருஷம் கழித்து அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போது நாக்குத் தடுக்கியது. யாரும் கவனிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ராஜகனி மட்டும் தலையாட்டினாள், உப்புச் சரியாக இருக்கிறது என்கிற மாதிரி.

பந்தி நிறைந்தது. காரியதரிசி செல்லையா, "அண்ணாச்சி, கேட்டு!" என்று கை காட்டினார். சாவி என் பையில் இருந்தது. கல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனைக் காணோம். கல்லிக்குள் ஒரு ஆள் வந்தார், அப்புறம் நாலு பேர், அப்புறம் மண்பானை சுடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டம். எல்லாம் உள்ளே போனது.

"வே, யாருவே கேட்டைத் தொறந்து போட்டது? சோறு காணாதுவே!" செல்லையா பாய்ந்து வந்தார்.

"நான்தான்" என்றேன். "இன்னைக்கு அடைக்கப்படுவதில்லை."

இரண்டாம் பந்தி முடிகிற நேரம் சக்கரச் சத்தம். முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, தலைவாரி வந்திருந்தான். வாசல் கல்லுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு, "நான் இங்கேயே சாப்பிடுதேன், அருமை" என்றான். நானும் அவன் ஆளும் வண்டியைத் தூக்கி உள்ளே வைத்தோம். ராஜகனி இலை போட்டாள்.

சோறு போதவில்லைதான். கடைசிக் கறி அவன் இலையில் விழுந்தது. செல்லையா என்னை முறைத்துக்கொண்டே ரசத்தைக் குடித்தார். நானும் ராஜகனியும் வெளியே போய் வடாபாவ் தின்றோம். நல்ல காரம்.

24 நவம்பர், திங்கள்

வாஷியிலிருந்து தையல்காரர் காசிம் போன் செய்தார். விஷயம் அதற்குள் அங்கே போய்விட்டது. முதலில் என் மூட்டு வலியை விசாரித்தார். பிறகு, "எலும்பில்லாத கறியாப் போட்டியா? அவனுக்குப் பல்லு கிடையாதே" என்றார்.

27 நவம்பர், வியாழன்

விசேஷம் இல்லை. வெயில் குறைந்திருக்கிறது. வாயில் அந்தப் பகுதி தானாக ஓடுகிறது, வாசல் வரும்போது வெளியே யார் முகமும் நிற்கவில்லை.

2 டிசம்பர், செவ்வாய்

நம்பிராஜனின் ஆள் ஊருக்குப் போயிருக்கிறான். காலில் கட்டு மாற்றும் நாள். ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியை நான் தள்ளினேன். கனக்கிறான், சவம்.

சிக்னலில் நின்றபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "குழாயைப் பூட்டுனது தப்புதான்வே."

பஸ் ஹார்ன் அடித்தது. ஆனாலும் எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. "என்ன?" என்றேன், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று.

சொன்னான்.

மூன்றாம் தடவை கேட்க மனசு வரவில்லை. வண்டியைத் தள்ளினேன்.