அலைவரிசை அடைபட்ட நான்கு நிமிடங்கள்

இன்று காலை கூரியர்காரர் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். பிரித்தால் உள்ளே நம் ரேடியோ. முதன்முதலில் விற்பனைக்கென்று நாம் செய்த பன்னிரண்டில் ஒன்று. முன்பக்கத்தில் ஒரு திருகைக் காணவில்லை. குமிழில் இருந்த எண்கள் விமானிகளின் விரல் பட்டுப் பட்டே அழிந்திருந்தன. மூடியைக் கழற்றியதும் அந்த வாசனை வந்தது. ஈரம் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு சர்க்யூட் போர்டுக்கும் சின்னத் தூரிகையால் பூசுவாயே, அந்த வார்னிஷ். இத்தனை வருட வெயிலும் மழையும் பார்த்த பிறகும் அது போகவில்லை.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். இப்போதுகூட இரண்டு தரம் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தேன். கீழே பூக்கடை வாசலில் எவனோ காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் ஹார்ன் சத்தம் ஓயவில்லை. எனக்கும் கீழே இறங்கிப் போய் கத்த வேண்டும்போல் இருக்கிறது. நீ எதிர் மேசையில் இருந்திருந்தால் தலையை நிமிர்த்தாமல், "ஒக்காரு லா" என்றிருப்பாய், எந்தப் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் உன் 'லா'வோடு.

கோலாலம்பூருக்கு வெளியே சுங்கை பூலோவில் கார் ரேடியோ செய்த அந்தத் தொழிற்சாலையில் நாம் சேர்ந்தது ஒரே வாரத்தில். நான் வடிவமைப்புப் பிரிவு, நீ சோதனைப் பிரிவு. நான் அனுப்பிய போர்டுகளை நீதான் திருப்பி அனுப்புவாய், சிவப்புப் பேனாவால் ஒரு சின்னக் குறிப்போடு. மூன்று மாதம் உன் முகத்தைப் பார்க்காமலே உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு ஒருநாள் கேண்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, "நீதானே ஸ்டெல்லா? உன் டிசைன் நல்லாதான் இருக்கு. அவசரம்தான் ஜாஸ்தி" என்றாய். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த உனக்கும், கிள்ளானில் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் வளர்ந்த எனக்கும் இடையே அன்று தொடங்கிய பேச்சு பிறகு நிற்கவே இல்லை.

விமானம் நம் வாழ்க்கைக்குள் வந்தது சேவியர் அண்ணனால். எங்கள் கோவில் பாடற்குழுவில் என் அப்பாவோடு பாடியவர். காப்பாருக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் புல் ஓடுபாதையில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். செத்துப்போன ஒரு ரேடியோவைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். நாம் இருவரும் என் காரில் போனோம். இரண்டே இருக்கைகள் கொண்ட அந்த விமானத்தை அன்றுதான் கிட்டே பார்த்தோம். வேகம் காட்டும் முள் ஒட்டிக்கொண்டிருந்தது. ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை.

"வெளிநாட்டு ரேடியோ வாங்குற காசுக்கு ஒரு பழைய கார் வாங்கிரலாம்மா. அதான் இங்க பாதிப் பேரு ஊமையாதான் பறக்குறோம்" என்றார் அண்ணன். "எதிர்ல எவன் வர்றான்னு கண்ணாலதான் பார்த்துக்கணும். கண்ட்ரோல் டவரும் கிடையாது. வர்றேன், இறங்குறேன்னு நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும். சொல்ல ரேடியோ வேணுமே?"

திரும்பும் வழியில் காப்பார் முச்சந்தியில் நின்றோம். பச்சை விளக்கு விழுந்து நான் காரை எடுக்கும்போது சொன்னாய்: "நாம செய்யலாம் லா. மலிவா. ஆனா சரியா." கேட்டவர்களிடமெல்லாம் இந்த யோசனை என்னுடையது என்றுதான் பல வருடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாளும் திருத்தியதில்லை.

வேலையை விட்டோம். பிரிக்பீல்ட்ஸில் தையல் கடைக்கு மேலே இந்த அறையைப் பிடித்தோம். முதலில் உயரத்தையும் வேகத்தையும் காட்டும் சிறு கருவி. உயரம் காட்டுவதைச் சோதிக்க நம்மிடம் விலை உயர்ந்த சாதனம் எதுவும் இல்லை. நீ வீட்டிலிருந்து பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தாய். கருவியை உள்ளே வைத்து, மூடியை அடைத்து, குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்தாய். காற்று குறையக் குறைய, மேசையைவிட்டு நகராத அந்தக் கருவி ஆயிரம் அடி, மூவாயிரம் அடி, ஐயாயிரம் அடி என்று ஏறியது. நான் நாற்காலிமேல் ஏறிக் கத்தினேன். நீயோ காற்றை மெல்ல உள்ளே விட்டு, இறங்கும்போதும் எண்கள் சரியாக வருகின்றனவா என்று எழுதிக்கொண்டிருந்தாய். "ஏறுறது பெருசில்ல ஸ்டெல்லா. இறங்குறப்பதான் பொய் சொல்லக்கூடாது."

ரேடியோவில்தான் நமக்குள் முட்டிக்கொண்டது. பேசும் பொத்தானை அழுத்தினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், விட்டால் அணைய வேண்டும். ஒரு மாலை, யாரும் தொடாமலே அந்த விளக்கு எரிந்தது என்றாய். ஐந்தாறு விநாடி. பிறகு தானாக அணைந்துவிட்டது.

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்."

"ஒரு தடவையா? விடுடி. எங்கயாவது கை பட்டிருக்கும்."

"கை படல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னும் ஒரு மாசம் குடு."

ஒரு மாதம்! சேவியர் அண்ணனின் விமானத்தில் பொருத்திப் பார்க்க எல்லாம் தயார். அது சரியாக வந்தால் அவருடைய சங்கத்தில் பன்னிரண்டு பேர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். நான் மறுநாளே உன்னைக் கேட்காமல் அவருக்குப் போன் செய்து சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்தபோது நீ சண்டை போடவில்லை. "சரி, நான் தரையில நின்னு கேக்குறேன்" என்று மட்டும் சொன்னாய். அந்த அமைதிதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் அண்ணனோடு மேலே போனேன். நீ வேலியோரம் கையடக்க ரேடியோவோடு நின்றாய். ஏறும்போது பேசினோம், உன் பதில் தெளிவாகக் கேட்டது. கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றில் அரைமணி நேரம் சுற்றினோம். அப்போதும் கேட்டது. பிறகு இறங்கத் தொடங்கினோம். எனக்கு ஒரே கும்மாளம். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் வாய் ஓடியது.

"பாத்தீங்களாண்ணே? இதுக்குப் போயி ஒரு மாசம் கேக்குறா. அவளுக்கு எல்லாத்துக்கும் பயம். நான் இல்லன்னா இந்த ரேடியோ மேசைய விட்டே இறங்கியிருக்காது." இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன், ஓடுபாதை கண்ணில் பட்ட பிறகும் நிறுத்தவில்லை: " சில நேரம் தோணுது, தனியாவே செஞ்சிருக்கலாமோன்னு."

அண்ணன் விமானத்தை ஓடுபாதைக்கு நேராகத் திருப்பினார். முகத்தில் வெயில் அடித்ததால் இருவருக்குமே அந்தச் சிவப்பு விளக்கு தெரியவில்லை. இறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தபோது மறுமுனையில் ஒரு வெள்ளை விமானம் நிற்பதையும், நீ அதன் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தேன். யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். என்ஜின் நின்ற பிறகுதான் அண்ணன் ரேடியோவைக் குனிந்து பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குளிர்ந்துபோன போர்டு, கீழே நம் ஊர் வெக்கைக்குள் வந்ததும் வியர்த்திருக்கிறது. அந்த ஈரம் பொத்தானின் வேலையைத் தானே செய்துவிட்டது. நாங்கள் பேசியதெல்லாம் வெளியே போனது. அந்த அலைவரிசையில் வேறு யாரும் வாய் திறக்க முடியவில்லை. எங்கள் காதிலும் எதுவும் விழவில்லை. நீ நடந்து வந்து சொன்னது இவ்வளவுதான்: "நாலு நிமிஷம். நாலு நிமிஷம் அடைச்சிருந்திச்சி."

நான் சொன்னதை நீ கேட்டாயா என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வார்னிஷ் டப்பாவோடு வந்தாய். பேச்சு முப்பது விநாடிக்கு மேல் நீண்டால் ரேடியோ தானே வாயை மூடிக்கொள்ளும்படி ஒரு சின்ன மின்சுற்றையும் வரைந்து வந்திருந்தாய். நீ கேட்டது ஒரு மாதம். ஆனது மூன்று. நான் முணுமுணுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டும் போயின, அதற்குப் பிறகு எத்தனையோ. அனுமதிக்காக அலைந்ததும் காகிதங்களோடு கட்டிப்புரண்டதும் உனக்குத் தெரியும். தனியாகச் செய்திருக்கலாமோ என்றவள், எட்டு வருடம் உன் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும், இன்று மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தோன்றும். உடனே எழுந்து ஏதாவது வேலையைத் தேடிக்கொள்வேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீ சமையலறையில் விழுந்தாய். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கண் திறக்காமலே மூன்றாம் நாள் போய்விட்டாய்.

இன்று பெட்டியில் வந்த ரேடியோவுக்குப் பழைய சோதனைக் குறிப்பு தேவைப்பட்டது. உன் காரியம் முடிந்த அன்று உன் கணவர் முரளி என்னிடம் கொடுத்த ஹார்ட் டிஸ்கை முதல்முறையாகத் திறந்தேன். எல்லாம் தேதிவாரியாக, உன்னைப் போலவே. அந்தச் சனிக்கிழமையின் தேதியில் ஒரு ஒலிப்பதிவு இருந்தது. சோதனைக்காக உன் போனில் பதிவு செய்திருக்கிறாய்.

கேட்டேன்.

முதலில் காற்று. பிறகு கையடக்க ரேடியோவிலிருந்து என் குரல், கரகரவென்று. "அவளுக்கு எல்லாத்துக்கும் பயம்." அதே நேரத்தில், மிக அருகில், நீ "ஐயோ" என்கிறாய். செருப்புச் சத்தம். ஓடுகிறாய். மூச்சு இரைக்கிறது. என் குரல் உன் பையிலிருந்து பேசிக்கொண்டே வருகிறது. "நிறுத்துங்க! அங்கிள், ஸ்டாப்! ஸ்டாப்!" ஒரு என்ஜின் சத்தம் பெரிதாகி, மிகப் பெரிதாகி, சட்டென்று அடங்குகிறது. ஒரு ஆள் ஆங்கிலத்தில் திட்டுகிறார். நீ மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறாய்: "எதிர்ல இறங்குறாங்க அங்கிள். ரேடியோ அடைச்சிக்கிச்சி. என் ரேடியோதான். என் தப்பு, சாரி." உன் பையிலிருந்து நான்: "தனியாவே செஞ்சிருக்கலாமோன்னு."

சேவியர் அண்ணனுக்குப் போன் செய்தேன். இரண்டு தரம் தப்பு எண்ணைத் தொட்டேன்.

"தெரியும்மா" என்றார். "அந்த ஆளு அன்னிக்கே எங்கிட்ட சொன்னாரு. மேல கிளம்ப ரோலிங் ஸ்டார்ட் பண்ணிட்டாராம். இந்தப் புள்ள முன்னால வந்து கைய விரிச்சி நின்னிச்சாம்."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"வேணாம்னிச்சி. உனக்குத் தெரிஞ்சா நீ பயந்து வேலைய விட்டுருவியாம். நீ பயந்துட்டா அப்புறம் யாரு அத அவசரப்படுத்துறதுன்னு கேட்டுச்சி. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டுச்சி."

போனை வைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. அறைக்குள் நடந்தேன். படியிறங்கினேன், ஏறினேன். தையல்கார அக்கா, "என்னா, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்று கேட்டார்.

மதியம் காரை எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்குப் போய்விட்டேன். அண்ணன் மட்டும் இருந்தார், யாரும் பறக்கவில்லை. அண்ணனின் அனுமதியோடு, நீ நின்ற வேலியிலிருந்து அந்த விமானம் நின்ற முனைவரை ஓடிப் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த புல் முழங்கால்வரை நனைத்தது. பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீ செருப்போடு ஓடியிருக்கிறாய். என் வாயைக் கேட்டுக்கொண்டே ஓடியிருக்கிறாய்.

வரும் சனிக்கிழமை நம் புது உயரமானியின் முதல் பறப்பு. மேலே வர ஓர் இருக்கை காலியாக இருக்கிறது என்றார் அண்ணன். நான் தரையில் நிற்கிறேன் என்றேன். அவர் என் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"ஏதாச்சும் ஆனா ஓடுவியாம்மா, இந்த வயசுல?"

"ஓடுவேண்ணே."

மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை. வேலிக்குத் திரும்பி நடந்தேன். இன்னொரு தரம் ஓடினேன்.