நாளைக்கு அங்கே பசியாறாதீங்க

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டிவிட்டு வராமலே போனது. கொடியில் துணி அப்படியே கிடந்திருக்கிறது.

நகராண்மைக் கழகத்தில் இன்று: சந்தையில் இரண்டு மீன் கடை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை ஒன்று. உணவுக்கடை ஊழியர்களின் தடுப்பூசி அட்டைகள் ஒரு கட்டு, அதில் மூன்று காலாவதி. கொசு மருந்து அடிக்கவில்லை என்று ஒரு தாமான் குடியிருப்பிலிருந்து இரண்டு புகார். ஒரே ஆள்தான், இரண்டாவது தடவை குரலை மாற்றிப் பேசினார்.

மாலை நாலு மணிக்கு வந்த புகார் இன்னும் தலையை விட்டுப் போகவில்லை. நாற்காலிக் கிடங்கு ஊழியர்கள் ஆறு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சனிக்கிழமை மதியம் ஆறு பேரும் ஒரே கடையில் சாப்பிட்டிருக்கிறார்கள். காவலாளி சுப்பையா, அறுபது தாண்டியவர், ஆஸ்பத்திரியில்.

கடை மோகனுடையது.

மோகன் என் கணவர் குணாவின் சின்ன வயதுக் கூட்டாளி. ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயம், அடுத்தடுத்த வீடு. தோட்டத்தை அழித்துத் தாமான் கட்டியபோது இரண்டு குடும்பமும் ஒரே லாரியில் சாமான் ஏற்றி டவுனுக்கு வந்தது. எங்கள் கல்யாணத்துக்குச் சமைத்தது மோகனும் அவர் மனைவி தனம் அக்காவும். குணா லாரி எடுப்பதற்கு முன் தினமும் பசியாறுவது அங்கேதான்.

சுகாதாரப் பிரிவுத் தலைவி புவான் ரொஹானா கோப்பை என்னிடம் கொடுத்தார். நாளை காலை பத்து மணிக்குச் சோதனை, முன்கூட்டிச் சொல்லாமல். குளிர்பெட்டியில் இருப்பதை மாதிரி எடுத்து ஈப்போ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவர், நான், ஓட்டுநர் பாக் டின். கடைக்காரரைத் தெரியும் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சின்ன ஊர், எல்லாரையும்தான் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குணா லூமுட் துறைமுகத்திலிருந்து ஏழு மணிக்கு வந்தார். நெத்திலி வாங்கி வந்திருந்தார். சாப்பிடும்போது சொன்னேன்.

"நாளைக்கு மோகன் அண்ணே கடையில பசியாறாதீங்க."

"ஏன்?"

"சொன்னா கேளுங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நெத்திலி நன்றாக இருந்தது.

8 ஜூலை, செவ்வாய்

வெயில். தலைவலி.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டோம். வாசலிலேயே குளோரின் வாடை, கண் எரிந்தது. தரை பளபள. குளிர்பெட்டி காலி, கதவைத் திறந்து காயவைத்திருந்தார்கள். வேலையாட்கள் நாலு பேருக்கும் புது ஏப்ரன். மடித்த கோடுகூட இன்னும் போகவில்லை.

"வாங்க புவான், வாங்க," என்றார் மோகன். என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஏன் ஒன்றும் சமைக்கவில்லை என்று புவான் மலாயில் கேட்டார். செவ்வாய்க்கிழமை ஆள் குறைவு என்றார் மோகன். தனம் அக்கா ஐஸ் போட்ட சிராப் தண்ணீர் மூன்று கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

நான் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். தரை, சாக்கடை, குப்பைத்தொட்டி, கழிப்பறை. தண்ணீர்த் தொட்டி கூரைமேல். ஏணி பின்பக்கம். "தொட்டி போன வருஷம் மாத்துனதுதான் புஷ்பா," என்றார் மோகன். என் பெயரைச் சொல்லிவிட்டார். புவான் திரும்பிப் பார்த்தார். 'சரி' என்று டிக் போட்டுவிட்டு நகர்ந்தேன். அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

மாதிரி எடுக்க ஒரு பருக்கைகூட இல்லை.

காரில் புவான் மெதுவாகச் சொன்னார்: "யாரோ சொல்லியிருக்கிறார்கள்." பாக் டின் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாலை, குணா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"சொன்னீங்களா?"

"என்னாத்த?"

"மோகன் அண்ணேகிட்ட."

"கடைய சுத்தமா வச்சிக்கடான்னு ஃபோன்ல சொன்னேன். அவ்வளவுதான் லா. அவன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. தெரிஞ்சிக்கிட்டு சொல்லாம எப்படி இருக்கிறது?"

"நீங்க சாப்பிட வேணாம்னுதானே நான் சொன்னேன்."

"நீ எனக்காக சொன்ன. நான் அவனுக்காக சொன்னேன். என்ன வித்தியாசம்?"

 

9 ஜூலை, புதன்

ஒன்பது மணிக்குப் பாக் டின்னை உள்ளே கூப்பிட்டார்கள். திங்கள் மாலை வேலை முடிந்து அவர் மோகன் கடையில் ரொட்டி வாங்கியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். தினமும் வாங்குவார், மனைவிக்குப் பிடிக்கும். அதைச் சொல்லியிருக்கிறார். எடுபடவில்லை.

அவர் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியது. விசாரணை முடியும்வரை கார் சாவி அவரிடம் இருக்காது, சாமான் கிடங்கில் வேலை.

சாவியை ஒப்படைத்துவிட்டு என் மேசைப் பக்கம் வந்தார். "புஷ்பா, நீயாவது என்னை நம்புறியா?" மலாயில்தான். எப்போதும் மகளிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

தலையாட்டினேன்.

சொன்னால்: என் வேலை. குணாவும் மோகனும்.
சொல்லாவிட்டால்: பாக் டின்.

எழுதிப் பார்த்தால் சுலபம்போல் இருக்கிறது. மதியம் சாப்பிடவில்லை. துணிச் சோப்பு வாங்க வேண்டும், சலவைத்தூளும்.

10 ஜூலை, வியாழன்

சாயங்காலம் இடி, நல்ல மழை. வடிகால் அடைப்பு என்று வரிசையாகப் புகார்.

காலையில் ஆஸ்பத்திரி. நோயாளி விசாரணைப் படிவம், ஆறு பேருக்கும். சுப்பையாவுக்குக் கையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்துப்போயிருந்தது.

"என்ன ஐயா சாப்பிட்டீங்க அன்னிக்கி?"

"சோறு, சாம்பாரு, கோசு. நான் கறி மீனு தொடமாட்டேன்மா. வெயிலுக்கு ரெண்டு கிளாசு மோரு குடிச்சேன்."

மற்ற ஐந்து பேரும் மருந்து வாங்க வந்திருந்தார்கள்: இருவர் கோழி, ஒருவர் மீன், இருவர் தோசை மட்டும். எழுதிக்கொண்டேன். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

கிளம்பும்போது சுப்பையா கேட்டார். "அந்தக் கடைய மூடிட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லீங்க. சோதனை நடக்குது."

"ஆமா, நடக்கட்டும். பாத்து செய்ங்க," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் குணா தொலைக்காட்சி முன்னால். நான் துணி மடிப்பு. மதியம் அலுவலகச் சாமான் கிடங்கில் பாக் டின் மருந்துப் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தேதான் என்று நினைக்கிறேன்.

11 ஜூலை, வெள்ளி

காலை ஆறே முக்கால். குணாவின் கைப்பேசி. மோகன். பக்கத்தில் இருந்த எனக்கே அவர் குரல் கேட்டது.

"மச்சான், தனத்துக்கு முடியலடா. ராத்திரியெல்லாம் வாந்தி. இப்ப மயக்கமா கெடக்கா. கடையில ரெண்டு பையனுங்களுக்கும் அதேதான்."

குணா அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். நான் நேரே கடைக்கு. கடை மூடிக் கிடந்தது. மோகனின் வேலையாள் சாவி கொடுத்தார்.

படிவங்களை மேசைமேல் பரப்பினேன். கோழி, மீன், தோசை, சோறு. மறுபடியும் பார்த்தேன். கோழி சாப்பிட்டவர்கள் ஐஸ் சிராப். மீன்காரர் ஐஸ் கோப்பி. தோசைக்காரர்கள் சட்னி. சுப்பையா மோர். கொதிக்க வைத்தது எதுவுமே குற்றவாளி இல்லை. எல்லாவற்றிலும் பச்சைத் தண்ணீர்.

பின்பக்கம் போய் ஏணியில் ஏறினேன். தொட்டிக்கு மூடி இல்லை, எப்போதோ காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. உள்ளே இரண்டு மைனா. ஒன்று மிதந்தது. இன்னொன்று மைனா என்று சொல்லும்படி இல்லை. பக்கமெல்லாம் பச்சை வழுவழுப்பு.

புதுத் தொட்டிதான். மோகன் பொய் சொல்லவில்லை. நான்தான் ஏறிப் பார்க்காமல் 'சரி' போட்டேன். செவ்வாய்க்கிழமை ஏறியிருந்தால் தனம் அக்கா இன்று வீட்டில் இருந்திருப்பார்.

தண்ணீரை அடைத்தேன். மாதிரி எடுத்தேன். புவானுக்குச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்தார். கதவில் அறிவிப்பு ஒட்டினோம்: பதினான்கு நாள் மூடல்.

ஆஸ்பத்திரியிலிருந்து மோகன் வந்தபோது புவான் காரில் தொலைபேசியில் இருந்தார். மோகன் அறிவிப்பைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எல்லாத்தையும் கழுவினோமே புஷ்பா. பாத்திரம், பெட்டி, தரை, எல்லாம். மூணு தடவ கழுவினோம். தனம் முட்டி போட்டுத் தேய்ச்சா."

"எந்தத் தண்ணியில கழுவினீங்க அண்ணே?"

ஏணியைப் பார்த்தார். அப்புறம் அதன் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

13 ஜூலை, ஞாயிறு

தனம் அக்கா கண் திறந்து பேசினார். கஞ்சி இரண்டு கரண்டி இறங்கியது. கடைப் பையன்கள் வீடு திரும்பிவிட்டார்கள். சுப்பையா நாளை வீடு திரும்புவாராம்.

ஆஸ்பத்திரி வாசலில் குணாவிடம் பாக் டின் மேல் விழுந்த பழியைச் சொன்னேன். நாளை புவானிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன்.

"வேலை போயிடும் புஷ்பா."

"போகலாம்."

"நான்தான் ஃபோன் பண்ணேன்னு சொல்லு. என் பேரப் போடு."

"நீங்க கழகத்துல வேலை செய்யலங்க. வாயத் தொறந்தது நானு. டிக் போட்டதும் நானு."

"டிக்கு என்ன டிக்கு? அத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

அவர் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். அப்புறம், "மோகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவன் பாக் டின்னப் பத்தித் தெரியாம இருக்கான்," என்றார். எனக்கு அழுகை வந்தது. கார்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

14 ஜூலை, திங்கள்

எட்டு பத்துக்கு உள்ளே போனேன். எட்டு முப்பதுக்கு வெளியே.

புவான் குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டார். தொட்டியைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "இதை நான் கேட்கவில்லையே," என்றார்.

"தெரியும் புவான்."

பேனாவை மூடிவைத்தார். "புதன்கிழமையே நீ முன்வந்து சொல்லியிருந்தால் நான் உனக்காகப் பேசியிருப்பேன். இப்போது எனக்கு வழியில்லை." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

இனி வெளிவேலை கிடையாது. முகப்பு மேசையில் லைசென்ஸ் விண்ணப்பம் வாங்குவது. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

16 ஜூலை, புதன்

கடிதம் வந்தது. இரண்டு பக்கம், மலாயில். பதில் எழுத ஒரு வாரம். ஆய்வுக்கூட முடிவும் வந்தது: தண்ணீரில்தான் கிருமி.

பாக் டின்னுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரணத்தைச் சொல்லவில்லையாம். விசாரணை நடப்பதால் சொல்ல முடியாது என்று புவான்.

முகப்பில் எண் 41 வரை. ஒரு பெண் தன் நாசி லெமாக் சோற்றுக் கடைக்குப் பெயர் என்ன வைக்கலாம் என்று என்னிடமே கேட்டார்.

17 ஜூலை, வியாழன்

நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். பாக் டின் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மூன்று நாலு வாக்கியம்தான் வந்தது.

துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரு கண்ணாடி முடித்து அடுத்ததுக்குப் போனார்.

"என்னை நம்புறியான்னு நான் உன்னிடம் கேட்டேனே. அப்போதே உனக்குத் தெரியும்?"

"தெரியும், பாக்."

"என் மனைவி தினமும் கேட்டாள். நீங்கள் செய்தீர்களா, நீங்கள் செய்தீர்களா என்று. முப்பத்தைந்து வருஷம் என்னோடு இருந்தவள். ஒவ்வொரு நாளும் கேட்டாள்."

மன்னிப்புக் கேட்டேன். துணியைப் பிழிந்து கதவில் காயப்போட்டார்.

"எனக்கு வேண்டாம். வீட்டுக்கு வா. அவளிடம் நீயே சொல்லு."

சனிக்கிழமை காலை பத்து மணி. வீடு இருக்கும் இடத்தை என் கையில் இருந்த விண்ணப்பத்தின் பின்னால் அவரே வரைந்து கொடுத்தார். பள்ளிவாசல், அடுத்த திருப்பம், நீல கேட்.

19 ஜூலை, சனி

மேகமூட்டம். ஒன்பது இருபது.

என்ன சொல்வது என்று நாலு விதமாக யோசித்தேன், எதுவும் நிற்கவில்லை. பழம் வாங்கிப் போகலாமா? வேண்டாம், வெறுங்கையோடு போவதுதான் சரி.

குணாவும் வருகிறேன் என்கிறார். "ஃபோன் பண்ணது நானு. அந்தம்மாகிட்ட நானும் சொல்லணும் லா." வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். தேய்த்த சட்டைக்கையையே மறுபடி மறுபடி தேய்க்கிறார்.