ரிவர்ஸில் திக்காத வண்டி

மே 6, செவ்வாய்

1. இதை எழுதுபவன் வழக்கறிஞன். நீதிமன்றம் ஏறிப் பல ஆண்டுகளாகின்றன. இப்போது பத்திரங்கள் எழுதுவதும் சரிபார்ப்பதுமே தொழில்.

2. கீழே விவரிக்கப்படும் காரின் பதிவு உரிமையாளன் நானே.

3. என் காரின் புகைக்குழாயில் இருந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் பாகம், சென்ற வெள்ளிக்கிழமை அகற்றப்பட்டது. அதை அகற்றிவிட்டு ஓட்டுவது குற்றம் என்பதை அறிவேன்.

4. அகற்றும்படி நான் சொல்லவில்லை. "உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கு சார், அதான் பிக்கப் இல்ல. எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்றார் மெக்கானிக். "பார்த்துச் செய்யுங்க" என்றேன். அவர் பார்த்தார், செய்தார்.

5. வண்டி பறக்கவில்லை.

மே 7, புதன்

குறைபாட்டின் விவரம்: நின்ற இடத்திலிருந்து கிளம்ப ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு திக்குகிறது. பிறகு, யாரோ முதுகில் தள்ளியதுபோலப் பாய்கிறது. கன்வெர்ட்டரை எடுக்குமுன் இருந்த அதே கோளாறு, இப்போது கூடுதலாக, சத்தமும் சேர்ந்து.

இன்று எங்கள் தெரு பெரிய சாலையைச் சேரும் முனையில், சாலையின் நடுவே திக்கி நின்றது. லாரி ஒன்று பம்பரை ஒட்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்காமலே என் பரம்பரையை விசாரித்தார். பக்கத்தில் மனைவி.

அவள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை; பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக ஜூன் 2 முதல் போகிறாள். இரண்டு பேருந்து மாறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத ஊர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அதுக்குள்ள வண்டி சரியாகலன்னா நான் அங்கயே ஒரு ரூம் எடுத்துக்குறேன். சனி ஞாயிறு வர்றேன்."

நானே தினமும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன்.

"நீங்க முனையில நின்னு ரெண்டு பக்கமும் பாத்து முடிக்கறதுக்குள்ள ஸ்கூல் விட்டுரும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.

மே 9, வெள்ளி

ஒர்க்‌ஷாப். பிளக்குகள் மாற்றப்பட்டன. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். "காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு காட்டுது சார். கன்வெர்ட்டர் இல்லாம வண்டியோட கம்ப்யூட்டர் இன்னும் பழகல. ட்யூனிங் போட்டா சரியாயிரும்."

கோளாறு கன்வெர்ட்டர் இருந்ததால் வந்ததா, இல்லாததால் வருகிறதா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் சார்."

நின்ற நிலையில் இன்ஜினை முடுக்கிக் காட்டினார். வெண்ணெயாக ஓடியது. "இங்க நல்லாத்தானே இருக்கு? உங்க கால்ல ஏதாச்சும்…"

ட்யூனிங்கை மறுத்தேன். கன்வெர்ட்டரைச் சாக்கில் கட்டி வாங்கிவந்து அலுவலகத்தில் வைத்திருக்கிறேன்.

மே 10, சனி

தட்டச்சர் சாக்கைப் பார்த்துவிட்டு, "சார், இது எந்தக் கேஸோட சான்றுப்பொருள்?" என்றார். என் கேஸ் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல தட்டச்சர்.

மே 12, திங்கள்

கன்வெர்ட்டருக்குப் பதிலாகப் புதிய குழாயைப் பற்றவைத்த இடத்தில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும் என்று படித்தேன். இன்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வாயைத் துணியால் கணநேரம் அடைத்து, காது கொடுத்தேன். எங்கும் சீறல் இல்லை. கைக்குட்டை ஒன்று இழப்பு.

மே 14, புதன்

சிந்தித்தது: குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் இருக்கிறார், தெருவில் திருட்டு தொடர்கிறது. எனில் காவலில் இருப்பவர் திருடர்தானா?

இதை மனைவியிடம் சொன்னேன். "இன்னிக்குத்தான் தோணுச்சா?" என்றாள்.

மே 15, வியாழன்

ஓர் உயிலின் மூன்றாம் பக்கத்தில் கரி படிந்துவிட்டது. தட்டச்சர் இப்போது அமைதியாக இல்லை. சாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி அதைப் பிரித்து, இரு முனையும் அறுபட்ட அந்த உருளையைத் தூக்கி, தொலைநோக்கிபோலக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள்.

"இதுல எங்கங்க அடைப்பு? ஜன்னல் தெரியுதே. எதிர்வீட்டுக் கொடியில காயுற சட்டைகூடத் தெரியுது."

நானும் பார்த்தேன். நீலச் சட்டை. கன்வெர்ட்டர் குற்றமற்றது. ஆறு நாளாக அதைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

மே 17, சனி

பக்கத்து ஊரில் பார்த்துவைத்த அறையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினாள். கட்டில், மேசை, கிழக்கு பார்த்த ஜன்னல். உடனே முடிவு சொல்லத் தேவையில்லை, மாதக் கடைசிவரை காத்திருப்பார்களாம்.

"ஜன்னல் நல்லா இருக்கு" என்றேன்.

ஏன் அதைச் சொன்னேன்? வேற ஒண்ணும் கெடைக்கலயா எனக்கு? அவ கைப்பேசிய நீட்டிக்கிட்டே நின்னா. நான் ஜன்னலப் பாராட்டுறேன்—

விளக்கை அணைத்துவிட்டாள்.

மே 18, ஞாயிறு

இன்றைய நிகழ்வை வரிசை பிறழாமல் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. வெளியே கிளம்பும்போது நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வேன். அவள் வண்டியை ரிவர்ஸில் தெருவுக்கு எடுப்பாள். பிறகு இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார்வாள்; நான் ஓட்டுவேன். நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் உரிமம் பெற்றவர்கள். இந்த ஏற்பாட்டை யாரும் முடிவு செய்ததாக நினைவில்லை.

இன்று தெருவுக்கு எடுத்தவள் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க, ரிவர்ஸ்ல திக்கவே இல்லையே."

"எப்போதிருந்து?"

"எப்பவுமே இல்ல."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க எங்க கேட்டீங்க? மெக்கானிக்கக் கேட்டீங்க, ஸ்கேனரக் கேட்டீங்க, புகைக்குழாய்கிட்டகூடக் காது குடுத்தீங்க."

கேட்டைப் பிடித்தபடி நின்றேன். இருந்த ஒரே நேர்ச்சாட்சியை நான் விசாரிக்கவேயில்லை.

அவள் விளக்கினாள். வண்டி முன்னால் உந்தும்போது இன்ஜின் பின்பக்கம் சாயும்; ரிவர்ஸில் முன்பக்கம் சாயும். ஆக, பின்பக்கம் சாயும்போது மட்டும் ஏதோ இழுபடுகிறது. சும்மா நிற்கவைத்து முடுக்கினால் சாய்வு இல்லை. அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் வெண்ணெய். அவள் ஓட்ட வேண்டும், நான் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

சக்கரங்களுக்குச் செங்கல், கைப்பிரேக், என் கை உயர்ந்தால் உடனே நிறுத்தம் என்று நிபந்தனைகளைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போடணுமா?"

முதல் கியர், பாதிக் கிளட்ச். பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பேட்டரி மறைத்தது.

"நடுவுல வந்து நில்லுங்க."

"கியரில் இருக்கிறது."

"தெரியும். நான்தான போட்டேன்." பிறகு, சற்றுத் தணிந்து: "இத்தனை வருஷமாப் பின்னாடியே ஓட்டுறேன். அந்தக் கேட் தூண்ல ஒரு தடவையாவது இடிச்சிருக்கேனா?"

இடித்ததில்லை. நான் இருமுறை இடித்திருக்கிறேன்.

பம்பருக்கு முன்னால் போய் நின்றேன். குனிந்தேன்.

அவள் மிதித்தாள். இன்ஜின் மெல்லப் பின்னால் சாய்ந்தது. காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்பில் ஒரு கீறல், வாய்போலத் திறந்து, சீறியது. வண்டி திக்கியது. காலை எடுத்தாள்; வாய் மூடிக்கொண்டது. மூடிய நிலையில் அங்கே கீறல் இருப்பதாக யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு முறை மிதிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒரு முறை. முதல் முறையே ஐயமறத் தெரிந்துவிட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மே 19, திங்கள்

"அட, இது எங்க கண்ணுல படலயே! யார் சார் கண்டுபிடிச்சது?" என்றார் மெக்கானிக்.

"ஓட்டுநர்."

இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டும் தளர்ந்திருந்தது. சாய்வு கூடியதற்கு அதுவே காரணம். கன்வெர்ட்டரைக் கழற்றும்போது ஏற்பட்ட அசைவில் கீறல் வளர்ந்திருக்கலாம் (இது ஊகம்). குழாயும் மவுண்டும் புதிதாகின்றன. சாக்கை மேசைமேல் வைத்தேன்.

"இத எதுக்கு சார் திரும்ப? இப்ப நல்லா ஓடப்போவுதே."

"மாட்டுங்கள்."

"சரி சார், பாத்து மாட்டிடறேன்."

"பார்க்க வேண்டாம். மாட்டுங்கள்."

மே 23, வெள்ளி

புகைச் சோதனையில் தேர்ச்சி. இத்தனை நாள் ஸ்டியரிங்கின் பின்னால் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணைந்தது.

மே 25, ஞாயிறு

அவள் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கை. முனையில் என் கால் தரையை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்லீங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி சரியாகிவிட்டது, எனவே அறை தேவையில்லை என்று வாதிடலாம். ஆனால் அவள் "சரியாகலன்னா எடுத்துக்குறேன்" என்றாளே தவிர, "சரியானா எடுக்கமாட்டேன்" என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

மே 30, வெள்ளி

காரை அவள் பெயருக்கு மாற்றும் ஆவணங்களைத் தயாரித்து, தட்டச்சரையும் மெக்கானிக்கையும் சாட்சியாக வைத்துக் கையெழுத்திட்டு, சாப்பாட்டு மேசையில் அவள்முன் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"நீ அறை எடுத்தாலும் வண்டி உன்னோடு இருக்கட்டும்."

"எடுக்கட்டுமா?"

'பார்த்துச் செய்' என்பது நாக்குவரை வந்தது. விழுங்கினேன்.

"எடுக்காதே" என்றேன். "வேணாம். இங்கயே இரு. தினமும் வந்துரு."

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நாளா?"

"வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் தட்டைக் கழுவும்போது தோள் குலுங்கியது.

ஜூன் 2, திங்கள்

நேற்று மாலையே வண்டியை முகம் தெருவைப் பார்த்து நிறுத்தியிருந்தாள். இன்று காலை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கவில்லை. நேராக வெளியே போனாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முனையில் நின்றது. கிளம்பியது. திக்கவில்லை.

பேருந்தில் அலுவலகம் போனேன்.

இருட்டுமுன் கேட் வெளியே ஹாரன் அடித்தது. போய்த் திறந்தேன்.

இந்நாட்குறிப்பில் இதற்கு முன் 'என் கார்' என்று வரும் இடத்தில் 'அவள் கார்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

ஒப்பம்,
முன்னாள் உரிமையாளன், ஞாயிறுகளில் பயணி.

உரிமை மாற்றத்துக்குச் சாட்சிகள்:
1. தட்டச்சர்.
2. மெக்கானிக் (கையெழுத்தின்மேல் கரி, அதுவும் அவருடையதே).