அணைக்காத கம்ப்யூட்டர்

பெரியவனின் அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வழக்கம்போல் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசாமல் கடிதம் போடுகிறாளே என்று பதறாதீர்கள். அதைத் தொடப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு இன்றைக்கு எந்த மாத்திரை என்று மணி அடித்துச் சொல்வதும் அதுதான். அதன் மெனுவைத் திறந்தால் நாற்பது பெயர்கள், சந்தைக் கூட்டம் போல. டப்பா அலமாரி அடுக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய காரியமா? வேண்டியதை மேலே, வேண்டாததைக் கீழே என்று அடுக்கினேன். மாத்திரை மணியின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை எடுத்தேன்; இரண்டும் போய்விட்டன.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றார் பெரியம்மா.

"தூசி தட்டுறேம்மா."

அன்று நாலு மணிக்கு அதுவாகவே மணி அடித்தது. பெயர்தான் போயிருக்கிறது, மணி உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அணைத்துவிட்டுத் திறந்தால் அடிக்குமா? ஐந்து நாளாக நான் அணைக்கவே இல்லை. யாரும் பிளக்கைப் பிடுங்கிவிடாமல் பக்கத்திலேயே படுக்கிறேன். என்னை வேலைக்கு வைத்த பெரியம்மாவின் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலையை விட்டு அனுப்பிவிட்டால்?

போன பெயரை மெனுவில் எப்படித் திரும்ப வைப்பது என்று நம் பேத்தியைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டி கேட்டாள் என்று சொல்ல வேண்டாம். கூடவே உங்கள் போட்டோ ஒன்று வையுங்கள்.

மணி நாலாகப்போகிறது. அடிக்கும் வரை எனக்கு மூச்சு வராது.

அடித்துவிட்டது. போகிறேன்.

பெரியவனின் அம்மா